மணமகள் பட்டும் அதன் பாதுகாப்பும்

சென்னையிலிருந்து மேற்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், பூவிருந்தவல்லியை ஒட்டி அமைந்த ஊர் கரையான்சாவடி. அதே திசையில் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் சென்றால் காஞ்சிபுரம். மகளுக்கு நிக்காஹ் உறுதியானதும் இப்பகுதிக் குடும்பங்கள் பல, பெரியவர்களை உடன் அழைத்துக்கொண்டு காஞ்சிக்குச் சென்று பட்டெடுத்து வருகின்றன. லெஹங்காவும் ஷராராவும் மணமேடை ஏறிவிட்ட இக்காலத்திலும் காஞ்சிப் பட்டின் மதிப்புக் குறையவில்லை. ஆனால் இவ்வளவு தேடி எடுத்த ஆடை, நிக்காஹ் நாளிலும் அதன்பின் ஓரிரு விருந்துகளிலும் உடுத்தப்பெற்றுப் பெட்டிக்குள் சென்றுவிடுகிறது. அங்கு அதற்கு என்ன நேர்கிறது என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே.

என் தாயாரின் மணப்பட்டை முப்பது ஆண்டுகளுக்குப் பின் பிரித்தபோதுதான் எனக்கே அது விளங்கிற்று. கடையில் போட்டுத் தந்த நெகிழிப் பையிலேயே, முதல் மடிப்புக் கலையாமல் அது இருந்தது. அரக்கு நிறம் சற்றும் மங்கவில்லை. கையிலெடுத்து உதறியதும், மடிப்பு விழுந்த கோடுகளிலெல்லாம் கீறிக்கொண்டு வந்தது. பூச்சி அரிக்கவில்லை, எலி கடிக்கவில்லை. தொடாமல் காத்ததே அதற்குத் தீங்காயிற்று.

காரணம் துணியின் அமைப்பிலேயே உள்ளது. பட்டு என்பது பஞ்சைப் போலத் தாவர இழையன்று. புழுவின் உடலில் சுரக்கும் புரத இழை. ஜரிகையோ உலோகம். பட்டுநூலின்மேல் செம்பு கலந்த வெள்ளியிழையைத் தட்டையாக்கிச் சுற்றி, அதன்மேல் பொன்முலாம் பூசுவர். பொன்னின் அளவு நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவே. மென்மையான இழையும் விறைப்பான உலோகமும் ஒரே மடிப்பில் ஆண்டுக்கணக்கில் நெருங்கிக் கிடந்தால், உலோகம் இழையை அறுக்கத் தொடங்கும். மேலும், காஞ்சிப் பட்டில் உடலையும் கரையையும் தனித்தனி நூலோட்டத்தில் நெய்து ஒன்றோடொன்று கோத்து இணைப்பர். ‘கோர்வை’ எனப்படும் இவ்வேலைக்குத் தறியில் இருவர் அமர வேண்டும். அதன் அழகும் இவ்விணைப்பில்தான். இழுவை விழும் இடமும் இதுவே. கனத்த மணப்பட்டை அலமாரிக் கொக்கியில் ஆண்டு முழுவதும் தொங்கவிடலாகாது என்பது இதனால்தான்.

பாதுகாப்பு நிக்காஹ் நாளிலேயே தொடங்க வேண்டும். அத்தரை உடலில் பூசிச் சிறிது நேரம் கழித்தே பட்டை உடுத்த வேண்டும். துணியின்மேல் தெளித்தால் கறை நிலைத்துவிடும். விருந்து முடிந்து வந்ததும், நிழலில் சில மணி நேரம் காற்றாட விடுதல் இன்றியமையாதது. வியர்வையிலுள்ள உப்பு பட்டையும் கெடுக்கும், ஜரிகையையும் கறுக்கச் செய்யும். பிரியாணி நெய் பட்ட இடத்தில் தண்ணீர் வைத்துத் தேய்ப்பதே பலர் செய்யும் தவறு. முகப்பவுடரைத் தூவிச் சில மணி நேரம் விட்டால் அது எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். மீதியை உலர்சலவையாளரிடம் விட்டுவிடலாம். கற்களும் சம்கியும் ஒட்டிய ஆடையானால் முன்கூட்டியே சொல்லிக் கொடுக்க வேண்டும். சலவைத் திரவத்தில் பசை கரையக்கூடும்.

உறை எது? துவைத்துத் துவைத்து மென்மையான பழைய வெள்ளை வேட்டியை விடச் சிறந்த உறை இல்லை. கஞ்சி மட்டும் இருக்கலாகாது. கஞ்சியை நாடிப் பூச்சி வரும். நெகிழிப் பை ஈரத்தை உள்ளேயே அடைத்து வைக்கும். செய்தித்தாளின் மையும் அமிலமும் துணியில் ஏறும். ரப்பர் வளையத்திலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். அந்துருண்டையைப் புடவை மடிப்புக்குள் வைக்கும் பழக்கத்தை அறவே விட வேண்டும். வசம்பு, கிராம்பு, நன்றாகக் காய்ந்த வேப்பிலை ஆகியவற்றைச் சிறு துணியில் முடிந்து பெட்டியின் மூலையில் வைத்தாலே போதும். பெயரிலேயே கரையானைத் தாங்கிய ஊரில் இருந்துகொண்டு மரப்பெட்டியைத் தரையில் சுவரோடு ஒட்டி வைப்பது அறிவுடைமையாகாது! கல்லின்மேல் உயர்த்தி வைப்பது நலம்.

இவை எல்லாவற்றினும் முதன்மையானது மடிப்பை மாற்றுதல். மூன்று திங்களுக்கு ஒருமுறை பிரித்து, ஜரிகை உட்புறம் அமைய, பழைய கோட்டில் விழாதவாறு மடிக்க வேண்டும். ரமலானுக்கு முன் வீட்டைத் துப்புரவு செய்யும்போது பட்டையும் பிரித்து வைக்கும் வழக்கம் சில இல்லங்களில் உண்டு, நல்ல வழக்கமே. ஆனால் ஹிஜ்ரி ஆண்டு ஏறத்தாழ 11 நாள் முந்தி வருவதால், சில காலம் ரமலான் அடைமழையில் வந்து சேரும். அப்போது தை, மாசி வரை பொறுப்பதே நன்று. வெயிலில் விரித்தல் எப்போதும் கூடாது. 1949இல் அகமதாபாத்தில் நிறுவப்பட்ட காலிகோ துணி அருங்காட்சியகத்தில் கூடங்கள் மங்கிய ஒளியில் வைக்கப்பட்டிருப்பதும் இதன்பொருட்டே.

2015 டிசம்பர் வெள்ளத்தில் புறநகர் வீடுகள் பலவற்றில் பெட்டியோடு பட்டும் நனைந்தது. நனைந்த பட்டை முறுக்கிப் பிழியாமல் உடனே பிரித்துவிட வேண்டும். மடிப்போடு கிடந்தால் கரையின் சாயம் உடலில் இறங்கும். சேற்றைத் தூய நீரில் அலசி, வெள்ளைத் துணிமேல் பரப்பி, மின்விசிறிக் காற்றில் உலர்த்தலாம்.

பூச்சியையும் மழையையும் விடப் பெரிய பகையொன்று தெருவில் கூவிக்கொண்டு வருகிறது. பழைய பட்டுப்புடவை வாங்குவோர் ஜரிகையிலுள்ள வெள்ளிக்காகவே அதனை எடுக்கின்றனர். துணி நெருப்புக்குப் போகிறது. வெள்ளி விலை உயரும்போதெல்லாம் நம் வீட்டு மூதாட்டியரின் மணப்பட்டுகள் இவ்வாறு உருகிப் போகின்றன. உடுத்த ஆளில்லை என்பதே விற்போர் கூறும் காரணம். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் ஓர் ஆடை இருந்ததையும், மதீனாவில் அலங்கரிக்கப்பட வேண்டிய பெண்களுக்கெல்லாம் அது இரவலாகச் சென்று வந்ததையும் ஸஹீஹுல் புகாரி பதிவு செய்துள்ளது. மணமகளுக்காக இரவல் பெறுதல் என்ற தலைப்பிலேயே இமாம் புகாரி அதனை வைத்துள்ளார்கள். ஒரு பட்டை அக்காளும் தங்கையும், பின்னர் அண்ணன் மகளும் உடுத்தினால், பிரிக்கப்படுதலும் காற்றாடுதலும் தாமே நிகழும். புதுப் பட்டுக்குக் கடன்படும் ஏழைத் தந்தையின் சுமையும் குறையும்.

என் தாயாரின் பட்டில் உடல் போயிற்று. முந்தானையும் கரையும் எஞ்சின. கரையில் ஒரு பகுதியைத் தங்கை தன் மகளின் துப்பட்டாவில் வைத்துத் தைத்தாள். மீதி, வெள்ளை வேட்டியில் சுருட்டப்பட்டுள்ளது. நிக்காஹ் நாளும் கடைசியாகப் பிரித்த திங்களும் எழுதிய துண்டுத்தாளை உறையின் வெளியே கட்டி வைத்திருக்கிறோம். சென்ற மாசியில் பிரித்து, காற்றாட விட்டு, மறுபுறமாகச் சுருட்டினோம்.