விருந்தினர் விமானம் ஏறிய பிறகு

வெளிநாட்டுச் சபைகளிலிருந்து பத்து நாள், பதினைந்து நாள் ஊழியப் பயணமாகக் கிராமங்களுக்கு வரும் குழுக்களைச் சுற்றி நடக்கும் தவறுகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. சுற்றுலா விசாவில் வந்தவர் ஜெபக்கூட்டத்தில் மைக்கைப் பிடிக்கிறார். கிளம்பும்போது போதகர் கையில் ஒரு கவரைத் திணிக்கிறார். தங்க இடம் கொடுத்த வீட்டுக்காரர் யாருக்கும் தகவல் சொல்வதில்லை. பலூனும் சாக்லேட்டுமாகப் பள்ளிக்குள் நுழைகிறார்கள். பிள்ளைகளின் முகங்கள் அன்றிரவே பேஸ்புக்கில் ஏறிவிடுகின்றன. யாரோ ஒருவர் புகார் எழுதி, அது காவல் நிலையத்துக்கு வந்து சேர்வதற்குள் குழு திருச்சியில் விமானம் ஏறிவிட்டிருக்கும். தஞ்சை மாவட்டத்து ஒரத்தநாடு போன்ற ஊரில் அதற்குப் பிறகு ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டியவர்கள் போதகரும், வீட்டுக்காரரும், தலைமையாசிரியரும்தான். இப்படிப்பட்ட பயணம் நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். வருகிறவருக்கு இது ஒரு விடுமுறை. வரவேற்கிறவருக்கு அது வழக்காக முடியலாம். ஆகவே சட்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசரம் வரவேற்கிறவருக்கே அதிகம்.

தஞ்சைக்கு மிஷனரிகள் புதியவர்கள் அல்லர். ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் சத்திரத்தைக் கட்டிய இரண்டாம் சரபோஜிக்குக் காப்பாளராக இருந்தவர் ஜெர்மானியரான சுவார்ட்ஸ். அவர் தமிழ் கற்று, தஞ்சாவூரிலேயே தங்கி, 1798-இல் இங்கேயே இறந்தார். தன் செயலுக்குப் பதில் சொல்ல அவர் ஊரில் இருந்தார். இன்று வரும் குழுவிடம் இருப்பது திரும்பும் டிக்கெட்.

முதலில் விசா. சுற்றுலா விசாவில் என்னென்ன செய்யலாம் என்பதை உள்துறை அமைச்சகம் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. ஊர் பார்க்கலாம், உறவினரைப் பார்க்கலாம், சம்பளமோ பிரதிபலனோ இல்லாமல் அதிகபட்சம் ஒரு மாதம் தன்னார்வப் பணியும் செய்யலாம். கோயில், மசூதி, தேவாலயம் எங்கும் போகலாம், ஆராதனையில் உட்காரலாம், பிரசங்கம் கேட்கலாம். வழிபாட்டுத் தலத்தில் மேடையேறிப் பேசுவது, மதக் கருத்துகளைப் போதிப்பது, துண்டுப்பிரதியோ ஒலி-ஒளிப் பதிவோ கொடுப்பது, மதம் மாற்ற முயல்வது ஆகியவை கூடாது. கேட்பதற்கும் பேசுவதற்கும் நடுவில்தான் கோடு. ‘ரெண்டு நிமிஷம் சாட்சி சொல்லட்டுமே’ என்று மைக்கை நீட்டும் போதகர் விருந்தினரை அந்தக் கோட்டைத் தாண்டவைக்கிறார். பிரசங்கம் செய்ய வேண்டுமானால் மிஷனரி விசா என்று தனியாக ஒன்று உண்டு. எந்த ஊரில், எத்தனை நாள், என்ன பணி, செலவு யார் பொறுப்பு என்று இங்குள்ள நிறுவனம் எழுதிக் கொடுக்கும் கடிதத்தோடு, விருந்தினர் தம் நாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். காலம் பிடிக்கும் வேலைதான். அதற்காக ஈ-விசாவில் வந்து சமாளிக்கலாம் என்று நினைப்பது மடமை. நம் பக்கத்துக்குக் குறிப்பாக ஒன்று: சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வரும் தமிழர்களை யாரும் வெளிநாட்டினராக நினைப்பதே இல்லை. வருபவர் உங்கள் சித்தப்பா மகனாகவே இருக்கலாம்; கையில் அந்நாட்டுப் பாஸ்போர்ட் இருந்தால் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருந்தாலும் மிஷனரிப் பணிக்குத் தனியாகச் சிறப்பு அனுமதி வேண்டும் என்று 2021 மார்ச் அறிவிக்கை சொல்கிறது. 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கும் குடிவரவு மற்றும் வெளிநாட்டினர் சட்டப்படி, விசா நிபந்தனையை மீறினால் மூன்று ஆண்டு வரை சிறையோ மூன்று லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். நாட்டை விட்டு அனுப்புவதும் கறுப்புப் பட்டியலில் சேர்ப்பதும் தனி.

இதெல்லாம் கிறிஸ்தவர்களைக் குறிவைத்த சட்டம்தானே என்று கேட்பவர்கள் உண்டு. அமலாக்கத்தில் பாரபட்சம் இருக்கிறதா என்ற கேள்வி நியாயமானது. யார் புகார் கொடுக்கிறார்கள் என்பதைப் பார்த்துக் காவல்துறையின் வேகம் கூடிக் குறைவது நாம் அறியாததல்ல. ஆனால் விதி எல்லோருக்கும் ஒன்று. 2020-இல் தப்லீக் என்னும் இஸ்லாமிய மதப் பிரச்சாரப் பணிக்காக வந்த வெளிநாட்டு முஸ்லிம்கள் தமிழ்நாட்டில் சிறைக்குப் போனதும் விசா நிபந்தனையை மீறியதாகக் கூறித்தான். அவர்களில் சிலரது வழக்குகளை அந்த ஆண்டு ஜூனில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை முடித்துவைத்து ஊருக்கு அனுப்பியது. பள்ளி விஷயத்தில் இன்னும் கண்கூடான உதாரணம் இருக்கிறது. 2024-இல் சென்னை அசோக் நகர் அரசுப் பள்ளியில் ஆன்மிகச் சொற்பொழிவாளர் ஒருவர் முற்பிறவி, பாவம் என்று பேசி, அது பெரும் பிரச்சினையானது. பேசியவர் கைதானார், தலைமையாசிரியர்கள் இடமாற்றம் செய்யப்பட்டார்கள். பேசியவர் வெளிநாட்டவரும் அல்ல, கிறிஸ்தவரும் அல்ல. எனவே, அரசுப் பள்ளித் தலைமையாசிரியர்களே, முதன்மைக் கல்வி அலுவலரின் எழுத்து வடிவ அனுமதி இல்லாமல் எந்தக் குழுவையும் வாசல் தாண்ட விடாதீர்கள். நோட்டுப்புத்தகம் கொடுக்க மட்டும்தான் வருகிறோம் என்றாலும் சரி. போனில் சொன்ன அனுமதி, விசாரணை வந்தால் யாருக்கும் நினைவிருக்காது.

அடுத்தது மிகச் சுலபமான, ஆனால் ஏறக்குறைய யாரும் செய்யாத வேலை: சி படிவம் என்ற பெயரில் அறியப்பட்டுவந்த தங்குமிட அறிவிப்பு. வெளிநாட்டவர் ஒருவரை இரவு தங்கவைக்கும் எவரும், அது லாட்ஜ் ஆனாலும் சபை விடுதி ஆனாலும் சொந்த வீட்டு மாடி அறை ஆனாலும், அவர் வந்த 24 மணி நேரத்துக்குள் விவரத்தைப் பதிவு அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும். வாடகை வாங்கவில்லை, அன்புக்காக வைத்தோம் என்பது பதிலாகாது. நம் மாவட்டத்துக்கு அந்த அலுவலர் தஞ்சாவூர் காவல் கண்காணிப்பாளர் (எஸ்.பி.). ஒரத்தநாடு ஸ்டேஷனில் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வந்தால் கடமை முடிந்தது என்று நினைக்க வேண்டாம்; அங்கே இருப்பவருக்கே இந்தப் படிவம் தெரியாமல் இருக்கலாம். வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தின் (எஃப்ஆர்ஆர்ஓ) இணையதளத்தில் முதலில் தங்குமிடம் தருபவராக உங்கள் பெயரையும் முகவரியையும் பதிவு செய்ய வேண்டும். அதற்கு எஸ்.பி. அலுவலக ஒப்புதல் வர நாளாகும் என்பதால் விருந்தினர் வருவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே இதை முடித்துவிடுங்கள். அவர் வந்து இறங்கியதும் புகைப்படம், பாஸ்போர்ட் எண், விசா எண், வந்த தேதி, அடுத்துப் போகும் இடம் ஆகியவற்றை ஏற்றி, அச்செடுத்து ஒரு ஃபைலில் போட்டுவையுங்கள். கிளம்பும்போது புறப்பாட்டையும் பதிய வேண்டும். இணையதளம் முழுக்க ஆங்கிலம். நெல் விளையும் ஊரில் ஒரு வீட்டுக்காரர் இதை எப்படி நிரப்புவார் என்று யோசிக்க எந்த அதிகாரிக்கும் தோன்றவில்லை. தாலுகா அலுவலகச் சுவரில் தமிழில் ஒரு அறிவிப்புகூட ஒட்ட முடியாதா? அது நடக்கும்வரை படித்த பிள்ளைகள் யாரையாவது உட்காரவைத்து நிரப்புங்கள். மறுபடியும் சொல்கிறேன்: 24 மணி நேரம். ‘நாளை ஞாயிறு, திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம்’ என்பது இதில் செல்லாது.

பணம்தான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி (எஃப்சிஆர்ஏ), சமய, சமூக, கல்விப் பணிக்காக வெளிநாட்டவரிடமிருந்து எதைப் பெறுவதற்கும் உள்துறை அமைச்சகத்தின் பதிவோ முன் அனுமதியோ இருந்தாக வேண்டும். டாலரை மாற்றி ரூபாயாகக் கொடுத்தாலும் அது வெளிநாட்டுப் பணமே. காணிக்கைப் பையில் போட்டாலும் அப்படித்தான். சபை வேலைக்கான தொகை போதகரின் சொந்தக் கணக்கில், ஏன், ஜிபேயில் விழுந்தாலும் அப்படித்தான். 2020 திருத்தத்துக்குப் பிறகு பதிவு பெற்ற அமைப்புகூடப் புதுதில்லியில் உள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் திறந்த கணக்கு வழியாக மட்டுமே பெற முடியும். பெற்றதை இன்னொரு அமைப்புக்கு மாற்றித் தரவும் முடியாது. ‘பெரிய சபையின் கணக்கில் வாங்கி எங்களுக்குக் கொடுத்துவிடுவார்கள்’ என்ற பழைய ஏற்பாடு இன்று குற்றம். அந்தப் பெரிய அமைப்பே தன் பெயரில், தன் ரசீதில் உங்கள் ஊரில் வேலையை நடத்தலாம். அது ஒன்றுதான் நேர்வழி. யாருக்குப் பதிவு இருக்கிறது என்பது எஃப்சிஆர்ஏ இணையதளத்தில் மாவட்ட வாரியாகத் தெரியும். ஐந்தாண்டுக் காலம் முடிந்து காலாவதியாகி இருக்கிறதா என்பதையும் பாருங்கள். புதிதாகப் பதிவு கேட்க, அமைப்பு தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். அந்த மூன்று ஆண்டுகளில் தன் முக்கியப் பணிகளுக்கு 15 லட்சம் ரூபாய் செலவிட்டிருக்க வேண்டும். கூரைக் கொட்டகையில் நடக்கும் ஜெபக்கூடத்துக்கு அது எட்டாக்கனி என்பது உண்மை. விதி கடுமையானது என்பதும் உண்மை. ஆனால் கடுமையை விமர்சிப்பது ஒன்று, கவரை வாங்கிக்கொள்வது வேறு. மீறினால் ஐந்தாண்டு வரை சிறை. ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் மேற்கொண்டு ஒரு ரூபாயும் செலவழிக்காமல், இந்தச் சட்டம் தெரிந்த ஆடிட்டரிடம் போங்கள். சில மீறல்களை 41-ஆம் பிரிவின்கீழ் தொகை கட்டித் தீர்த்துக்கொள்ள வழி இருக்கிறது. நோட்டீஸ் வரும்வரை காத்திருந்தால் அந்த வழியும் குறுகும்.

ஏழைக்கு உதவ வந்த பணத்தை ஏன் தடுக்க வேண்டும் என்பது மனதைத் தொடும் கேள்விதான். பதில் சொல்ல கம்பாஷன் இன்டர்நேஷனல் கதை போதும். அரசு அதன் பண வரவைக் கட்டுப்படுத்த, 2017 மார்ச்சில் அந்த அமெரிக்க அமைப்பு இந்தியப் பணியை மூடியது. ஏறத்தாழ 1,45,000 குழந்தைகளுக்கான ஆதரவு நின்றது. அரசு செய்தது சரியா என்பதில் இன்றும் இரண்டு கருத்து உண்டு. பாதியில் விடப்பட்டது யார் என்பதில் ஒரே கருத்துதான். ஒரே வெளிநாட்டுக் கையை நம்பி ஒரு பிள்ளையின் படிப்பைத் தொடங்குகிறவர்கள் அந்தக் கை விலகும் நாளையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

மருத்துவ முகாம் என்றால் எல்லோரும் இளகிவிடுகிறார்கள். வெளிநாட்டு மருத்துவர் இங்கே ஒரு நோயாளியைப் பார்க்கத் தேசிய மருத்துவ ஆணையத்தின் தற்காலிக அனுமதி வேண்டும். அழைக்கும் நிறுவனம் முன்கூட்டியே வாங்க வேண்டியது அது. தகுதிப் பதிவு இல்லாமல் மருத்துவம் பார்த்தால் ஓராண்டு வரை சிறையோ ஐந்து லட்சம் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. சூட்கேசில் வந்த மாத்திரையை வாங்கி விழுங்குகிறவர்கள் ஒன்றை யோசியுங்கள்: சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் பதினைந்து நாள் மாத்திரை கொடுத்துவிட்டு அவர் போய்விடுவார், பதினாறாம் நாள்? 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அதே மாத்திரைகள் மாதாமாதம் வீட்டு வாசலுக்கே வருகின்றன. வரவில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியச் சொல்லிச் சண்டை போடுங்கள். அந்தச் சண்டைக்குப் பலன் உண்டு.

குழந்தைகள் விஷயத்தில் சலுகையே கிடையாது. காப்பகத்தில் உள்ள பிள்ளையின் படத்தையோ பெயரையோ வெளியிட்டால் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி ஆறு மாதம் வரை சிறையோ இரண்டு லட்சம் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். படமெடுத்தவர் வெளிநாட்டில் இருப்பார்; எடுக்க விட்டவர் இங்கே இருப்பார். பதிவில்லாத காப்பகம் நடத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம். தாமதிக்கும் ஒவ்வொரு முப்பது நாளும் தனிக் குற்றம். பெற்றோருக்கு ஒரே வார்த்தை: ‘விடுதியில் நல்ல படிப்பு, இலவசம்’ என்று யார் சொன்னாலும், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் அந்த விடுதிக்குப் பதிவு இருக்கிறதா என்று கேட்காமல் பிள்ளையை அனுப்பாதீர்கள். சந்தேகம் வந்தால் 1098.

கடைசியாக மதமாற்றமும் சாதிச் சான்றிதழும். தமிழ்நாட்டில் இன்று மதமாற்றத் தடைச் சட்டம் எதுவும் இல்லை. 2002-இல் வந்தது 2004-இலேயே திரும்பப் பெறப்பட்டது. விரும்பி ஞானஸ்நானம் பெறுவது குற்றமல்ல. விருந்தினரின் வண்டியை மறித்துப் பாஸ்போர்ட்டைக் காட்டச் சொல்ல எந்தக் கட்சிக்காரருக்கும் சங்கத்துக்காரருக்கும் அதிகாரம் இல்லை. அப்படி மறித்தால் 112-க்கு அழையுங்கள், நிலையத்தில் புகாரை வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் எஸ்.பி.க்கு அனுப்புங்கள். ஆனால் பத்து நாள் குழு சொல்லாமல் போகிற ஒன்றை ஆதிதிராவிடர் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டும். 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த சமயத்தவருக்கு மட்டுமே பட்டியல் சாதித் தகுதி. கிறிஸ்தவராக மாறினால் தமிழ்நாட்டில் 18 சதவீத ஒதுக்கீட்டிலிருந்து பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்கு மாறுவீர்கள். தனித்தொகுதியில் நிற்க முடியாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் கேள்விக்குள்ளாகும். இது அநீதி என்று தலித் கிறிஸ்தவர்கள் பல பத்தாண்டுகளாகப் போராடுகிறார்கள். அந்த வாதத்தில் வலு இருக்கிறது. ஆனாலும் 2024 நவம்பரில் செல்வராணி வழக்கில், கிறிஸ்தவத்தைப் பின்பற்றிக்கொண்டே ஒதுக்கீட்டுக்காக இந்து என்று கூறுவதை உச்ச நீதிமன்றம் அரசியல் சாசனத்தின் மீதான மோசடி என்றது. முடிவு உங்களுடையது, தெரிந்து எடுங்கள். மாறாத ஒருவர் கூட்டத்தில் உட்கார்ந்த புகைப்படத்தைக் காட்டி கிராம நிர்வாக அலுவலர் (விஏஓ) ‘நீங்க மாறிட்டீங்களே’ என்று சாதிச் சான்றிதழ் மனுவைத் திருப்பினால் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. வட்டாட்சியர் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அதை வைத்துத் தஞ்சாவூர் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யுங்கள். ஏற்கெனவே கையில் உள்ள சான்றிதழைச் சந்தேகித்தால் அதை விசாரிக்க வேண்டியது மாவட்ட ஆட்சியர் தலைமையிலான விழிப்புக் குழு, கிராம நிர்வாக அலுவலர் அல்ல. மனு கொடுக்கும் இடத்திலெல்லாம் தேதியிட்ட ஒப்புகைச் சீட்டை வாங்காமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள்.