15 மீட்டருக்கும் 18.30 மீட்டருக்கும் இடையே

2019 பிப்ரவரி 4 அன்று அறிவிக்கப்பட்ட தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, உயரம் 18.30 மீட்டரைத் தாண்டினால்தான் ஒரு கட்டடம் உயர்மாடிக் கட்டடம். 2011 கணக்கெடுப்பில் 1,73,636 பேர் வாழ்ந்த கடலூருக்கும் 62,153 பேர் வாழ்ந்த சிதம்பரத்துக்கும் இதே அளவுதான். முன்பு சென்னைப் பெருநகரில் வரம்பு 15.25 மீட்டர். கூடியது 3.05 மீட்டர், அதாவது 10 அடி, ஒரு மாடி, விழுக்காட்டில் 20. தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016-இன் வரம்போ 15 மீட்டர். அதன் அளவுகளைக் கட்டாயமாக்குவது மாநில விதியே.

18.30 மீட்டரைத் தாண்டும் குடியிருப்புக்குத் தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று வேண்டும். 30 மீட்டர் உயரம் வரை சுற்றிலும் 7 மீட்டர் திறந்தவெளி விடவேண்டும். 18.30 மீட்டரில் நிற்கும் கட்டடத்துக்கு அந்த 7 மீட்டர் கட்டாயமில்லை.

இந்த உயரத்தில் ஒரு கட்டடத்தைக் கணக்கிடுவோம். கீழே வாகன நிறுத்தம், மேலே 5 மாடி, மாடிக்கு 4 வீடு: மொத்தம் 20 வீடு. வீட்டுக்கு 4 பேர் என்றால் 80 பேர். தளத்துக்கு 3.05 மீட்டர் வீதம் மூன்றாம் மாடியின் தரை 9.15 மீட்டரிலும், நான்காவது 12.20 மீட்டரிலும், ஐந்தாவது 15.25 மீட்டரிலும் இருக்கும். தீயணைப்பு வண்டியில் வழக்கமாக வரும் நீட்டு ஏணி 10.5 மீட்டர். சாய்த்து வைத்தால் எட்டுவது ஏறத்தாழ 10 மீட்டர், மூன்றாம் மாடிச் சன்னல் வரை. மேலிருக்கும் 8 வீடுகளுக்கு, 32 பேருக்கு, 40 விழுக்காட்டினருக்கு, படிக்கட்டுதான் வழி. அதில் புகை புகுந்துவிட்டால் வேறு வழியில்லை.

4,500 லிட்டர் தண்ணீர் வண்டி நிமிடத்துக்கு 450 லிட்டர் பீய்ச்சினால் 10 நிமிடத்தில் காலி. பிறகு கட்டடத்தின் சொந்தத் தொட்டியே கைகொடுக்க வேண்டும்.

பணி நிறைவுச் சான்றுதான் கட்டி முடித்தபின் நடக்கும் முக்கியச் சரிபார்ப்பு; மின் இணைப்பும் அதைப் பொறுத்தே கிடைக்கிறது. 2019-இல் 12 மீட்டர், 3 வீடு வரை இதற்கு விலக்கு இருந்தது. 2024 திருத்தத்தில் அது 14 மீட்டர், 8 வீடு ஆனது. உயரத்தில் 16.7 விழுக்காடு, வீடுகளில் 2.7 மடங்கு. வீடு கட்டுவோரின் அலைச்சல் குறைந்திருக்கலாம். மேற்பார்வையும் குறைந்தது.

லண்டனின் 24 மாடி கிரென்ஃபெல் கோபுரத்தில் 2017 ஜூன் 14 அன்று மூண்ட தீயில் 72 பேர் இறந்தனர். ஒரே படிக்கட்டு. 2022 சட்டத்தின்கீழ் இங்கிலாந்தில் 18 மீட்டர் அல்லது 7 மாடி உயரக் குடியிருப்புகள் ஒழுங்குமுறை அமைப்பிடம் பதிவாக வேண்டும். எண்ணளவில் அந்த வரம்பு நம்முடையதைவிட 30 சென்டிமீட்டர்தான் குறைவு. ஆனால் அதற்குக் கீழேயும் அங்கே கண்காணிப்பு உண்டு: 2023 ஜனவரி முதல், 11 மீட்டரைத் தாண்டிய குடியிருப்புகளில் பொதுப்பகுதித் தீத்தடுப்புக் கதவுகளை 3 மாதத்துக்கு ஒருமுறை சோதிப்பது கட்டாயம். நம் ஏணி எட்டும் உயரமும் ஏறத்தாழ அதுவே.

உயரம் மட்டுமே கணக்கல்ல. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் மூண்ட தீயில் 94 குழந்தைகள் இறந்தனர். அது உயர்மாடிக் கட்டடம் அல்ல, வெளியேறும் வழிதான் ஒடுக்கம்.

கடலூர் மாநகராட்சியும் சிதம்பரம் நகராட்சியும் 11 முதல் 18.30 மீட்டர் வரையுள்ள குடியிருப்புகளைப் பட்டியலிட்டு, படிக்கட்டு அகலம், தொட்டியின் கொள்ளளவு, தீப்பாதுகாப்பைக் கடைசியாகச் சோதித்த நாள் ஆகிய மூன்றையும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.