குடலும் நீரிழிவும்

நீரிழிவு என்றதும் சதையியையும் அது சுரக்கும் இன்சுலினையுமே நாம் நினைப்பது வழக்கம். குடலை நினைப்பார் அரியர். ஆயின், உடற்பருமனைக் குறைத்தற்பொருட்டுச் செய்யப்பட்ட ஒரு சத்திரசிகிச்சை, குடலுக்கும் இந்நோய்க்குமுள்ள நெருங்கிய தொடர்பைப் புலப்படுத்தியது. அத்தொடர்பு யாதென்பதை ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வாம்.

இச்சத்திரசிகிச்சையில் இரைப்பையின் மேற்பாகம் ஒரு சிறு பையாகப் பிரிக்கப்பட்டுச் சிறுகுடலின் இடைப்பகுதியோடு நேரே பொருத்தப்படும். உண்ட உணவு இரைப்பையின் பெரும்பாகத்தையும் முன்சிறுகுடலையும் தொடாது கீழே செல்லும். பித்தநீரும் சதையிநீரும் அதனோடு பின்னரே கலக்கும். அமெரிக்காவின் வட கரோலினாவில் இதனைச் செய்துவந்த வால்ற்றர் போரிஸ் என்பாரும் அவர்தம் குழுவினரும் 1995ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டனர். நீரிழிவுடையோர் 146 பேருள் 121 பேரின் குருதிக் குளுக்கோசு இயல்பு நிலையை அடைந்து நிலைத்திருந்தது. உடல் மெலியுமுன்னரே, சில நாட்களுள், குளுக்கோசு குறைந்தமையே பெருவியப்பு.

இதற்குக் காரணம் யாது? உணவு குறைந்தமையால் ஈரலின் சுமை தணிந்தது ஒரு காரணம். குடல் சுரக்கும் ஓமோன்கள் மற்றொரு காரணம். குடலும் ஓமோன் சுரக்கும் என்பதை 1902ஆம் ஆண்டிலேயே இலண்டனில் பேலிசும் ஸ்ராலிங்கும் காட்டினர். நாளத்திற் செலுத்திய குளுக்கோசைவிட வாயால் உட்கொண்ட குளுக்கோசு மிகுதியான இன்சுலினைச் சுரப்பிக்கும் என்பது 1964ஆம் ஆண்டிற் புலனாயிற்று. அவ்வாறு தூண்டுவனவற்றுள் ஒன்று, கீழ்ச்சிறுகுடலிற் பெரிதும் சுரக்கும் ஜீ.எல்.பி.-1 என்னும் ஓமோன். அது குளுக்கோசு மிகுந்தபோது இன்சுலினைப் பெருக்கும், பசியையும் தணிக்கும். சத்திரசிகிச்சையின் பின் உணவு விரைந்து கீழ்க்குடலை அடைதலால், உண்டபின் இவ்வோமோன் முன்னையிலும் பன்மடங்கு உயர்கின்றது. பசியைத் தணிக்கும் பி.வை.வை. என்னும் ஓமோனும் அவ்வாறே உயரும்.

இனி, குடல்வாழ் பற்றீரியாக்களைப் பற்றிச் சிறிது கூறுவாம். உணவின் பாதையும் பித்தநீரின் பாதையும் மாறவே, அங்கு வாழும் பற்றீரியாக்களின் விகிதமும் மாறும். 2013ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் சிலர், இச்சத்திரசிகிச்சை பெற்ற சுண்டெலிகளின் குடல் நுண்ணுயிர்களை, நுண்ணுயிரற்ற சூழலில் வளர்ந்த சுண்டெலிகளுக்குப் புகட்டினர். சத்திரசிகிச்சை பெறாத அவ்வெலிகளும் எடை குறைந்தன. எனவே பற்றீரியாக்களின் மாற்றம் வெறும் விளைவன்று, ஓரளவிற்குக் காரணமுமாம். ஆயினும் சுண்டெலியிற் கண்டதனை மனிதருக்கு அப்படியே ஏற்றிக் கூறுதல் பொருந்தாது. நீரிழிவு மருந்தாகிய மெற்போமினும் குடற்பற்றீரியாக்களை மாற்றுமாதலின், எது எதன் விளைவெனப் பிரித்தறிதல் எளிதன்று.

நோய் முற்றும் நீங்கிவிடுமோ எனச் சிலர் வினவலாம். அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் நடந்த ஆய்வொன்றின் ஐந்தாண்டு முடிவுகள் 2017ஆம் ஆண்டில் வெளிவந்தன. குருதிக் குளுக்கோசின் மும்மாத நிலையைக் காட்டும் ஈமோகுளோபின் அளவு 6 வீதத்திற்கு மேற்படாதிருந்தோர், மருந்து மட்டும் பெற்றோருள் 5 வீதத்தினர். குடற்பாதை மாற்றப்பெற்றோருள் 29 வீதத்தினர். பயன் பெரிதே, எனினும் பெரும்பாலோர் அவ்வெல்லையை எட்டவில்லை. அன்றியும், இரும்பு, விற்றமின் பீ12 முதலியன குறைவுறுமாதலின், சத்திரசிகிச்சை பெற்றோர் வாழ்நாள் முழுவதும் அவற்றை உட்கொள்ளவும் பரிசோதனை செய்துகொள்ளவும் வேண்டும்.

சத்திரசிகிச்சை எல்லார்க்கும் உரியதன்று. ஆயினும் அது காட்டிய உண்மை எல்லார்க்கும் உரியது. ஜீ.எல்.பி.-1 ஓமோனைப் போன்று தொழிற்படும் மருந்துகள் 2005ஆம் ஆண்டு முதல் வழக்கில் உள்ளன. குடல் உணவைச் செரிக்கும் குழாய் மட்டுமன்று, உடலின் குளுக்கோசை ஆளும் உறுப்புமாம் என்பதை உணர்ந்தமையே இவ்வாராய்ச்சியின் பெரும்பயன் எனலாம்.