கையிலிருக்கும் கண்ணுக்குக் கதவு உண்டு!



கல்லாவிக் கடைவீதியிலே தேநீர் அருந்திக் கொண்டிருக்கும் எவருடைய சட்டைப்பையைத் தொட்டாலும் அங்கே ஒரு கேமரா இருக்கிறது. சீமான் வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்காக இருந்த படப்பெட்டி, பாட்டாளியின் பைக்குள்ளே குடியேறிவிட்டது. மகிழ்கிறோம். ஆனால், 2025 நவம்பரிலே ஓசூரை அடுத்த நாகமங்கலத்தில் நடந்ததை எண்ணும்போது, நெஞ்சு கொதிக்கிறது.

ஐபோன் பாகங்களைச் செய்யும் டாட்டா எலக்ட்ரானிக்ஸ் ஆலையின் தொழிலாளிப் பெண்கள் தங்கும் விடுதி அது. அங்கே குளியலறையில் கேமரா ஒளித்து வைக்கப்பட்டிருந்தது! உலகோர் படமெடுத்து மகிழச் செல்போன் செய்து தரும் கரங்கள்; அந்தக் கரங்களுக்குரிய பெண்களையே களவாடிப் பார்க்க ஒரு கள்ளக் கண்! ஆயிரக்கணக்கான பெண்கள் திரண்டனர். இரவென்றும் பாராது போராடினர். அதே விடுதியில் தங்கியிருந்த ஒரு பெண்ணையும், அவருடைய ஆண் நண்பரையும் காவல்துறை கைது செய்தது.

"கைதானவர் வெளிமாநிலத்தவராமே" என்று சிலர் கண் சிமிட்டினர். நாம் கேட்கிறோம்: நீதி கேட்டுக் குரல் கொடுத்தவர்களிலும் வெளிமாநிலத்துப் பெண்கள் இல்லையா? மானத்துக்கு ஏது மாநிலம்?

சட்டம் இருக்கிறது. ஒருவரின் அந்தரங்கத்தை அனுமதியின்றிப் படமெடுத்தாலோ பரப்பினாலோ, 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை. பெண்ணை மறைந்திருந்து படமெடுப்பவனுக்கு, பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவு — பெயரைப் பாருங்கள், தமிழன் நாக்கு தடுக்கி விழட்டும் என்றே வைத்தார்கள் போலும்! — முதல் குற்றத்துக்கே ஓராண்டுக்குக் குறையாத சிறை என்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017-லேயே ஒருமனதாகத் தீர்ப்பளித்துவிட்டனர். மிரட்டல் வந்தால், அஞ்சி ஒடுங்காமல் 1930 என்ற எண்ணை அழைக்கச் சொல்லுங்கள் வீட்டுப் பெண்களிடம். படத்தில் இருப்பவள் அல்ல, எடுத்தவனே குற்றவாளி!

இனி, நம் கையிலுள்ள கருவிக்கு வருவோம். செட்டிங்ஸ் பகுதியில் பிரைவசி என்ற இடத்தைத் திறவுங்கள். எந்தெந்தச் செயலிக்குக் கேமராவைத் திறந்துவிட்டிருக்கிறீர்கள் என்ற பட்டியல் வரும். டார்ச் விளக்குச் செயலிக்கு உங்கள் படங்கள் எதற்கு? சீட்டாட்டச் செயலிக்குக் கேமரா எதற்கு? மூடுங்கள் கதவை! புதிய போன்களிலே கேமரா இயங்கும்போது திரையின் மேற்புறம் பச்சைப் புள்ளி தோன்றும். நீங்கள் படமெடுக்காத வேளையில் அது மினுக்கினால், உள்ளே ஒருவன் விழித்திருக்கிறான் என்று பொருள். அழித்த படமும் உடனே அழிவதில்லை, குப்பைத்தொட்டியிலே பல நாள் கிடக்கும். போனைப் பழுது பார்க்கக் கொடுக்குமுன் அதையும் காலி செய்யுங்கள்.

இன்னொன்று. படத்துக்குள்ளே கண்ணுக்குத் தெரியாமல் நாளும் நேரமும் பதிகின்றன. இருப்பிடப் பதிவைத் திறந்து வைத்திருந்தால் எடுத்த இடமும் பதியும். வீட்டுக் குழந்தையின் படத்துக்கு அது வேண்டாம், அடைத்துவிடுங்கள். ஆனால் ஆலைக் கழிவு ஏரியிலே கலப்பதைப் படமெடுக்கிறீர்களா? அப்போது திறந்து வையுங்கள், அதுவே சாட்சி! வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அந்தக் குறிப்புகள் உதிர்ந்துவிடும், டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள். மூலப் படத்தை வெட்டாமல், வண்ணம் பூசாமல், எடுத்த போனிலேயே வைத்திருங்கள்.

கழகக் கூட்டத்துப் படங்கள் பல நமக்கு வருகின்றன. பேச்சாளர் முகம் கரி பூசியதுபோல் இருக்கிறது! பின்னால் விளக்கு எரிய, எதிரே நின்று எடுத்தால் வேறெப்படி வரும்? திரையிலே முகத்தின்மேல் விரலால் தொடுங்கள், வெளிச்சம் சரியாகும். விரலால் இழுத்துப் பெரிதாக்காமல் நாலடி முன்னே நடங்கள். அதற்கு முன், வேட்டி நுனியால் லென்சைத் துடையுங்கள். பாதி மங்கல் அதோடு போய்விடும்.

மகளை விடுதிக்கு அனுப்பும் கல்லாவிப் பெற்றோருக்கு ஒரு வேலை இருக்கிறது. பெண்கள் விடுதி நடத்துவோர் உரிமம் பெற்றாக வேண்டும் என்று 2014-இல் தமிழ்நாட்டிலே சட்டம் வந்தாயிற்று. பெட்டியை இறக்கி வைக்குமுன் அந்த உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்டினால் செல்போனிலே ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். காட்ட மறுத்தால், மாவட்ட ஆட்சியருக்கு மனு எழுதக் கிளைத் தோழர்கள் துணை நிற்பார்கள்.