பிறர் வாசலில் நிற்கும் பிள்ளைகள்

நிந்தவூரிலிருந்து 40 நாள் 'சில்லா'வில் புறப்படும் இளைஞனை நாம் அறிவோம். சொந்தச் செலவு, பள்ளிவாசலில் உறக்கம், முறைவைத்துச் சமையல், அமீரின் சொல்லுக்குக் கட்டுப்பாடு. மௌலானா இல்யாஸ் 1920களில் மேவாத்தில் தொடக்கிவைத்த தப்லீக் பணியின் வழமை இது.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைத் தலைமையகமாகக் கொண்ட மோர்மன் சபையினரிடத்தும் இதையொத்த வழக்கமொன்றுண்டு. அங்கு 18 வயது நிரம்பிய ஆண்கள் இரண்டாண்டும், பெண்கள் 18 மாதமும் ஊழியத்துக்குச் செல்கின்றனர். செல்லுமிடத்தைச் சபையே தீர்மானிக்கும். செலவைப் பெரும்பாலும் குடும்பமே ஏற்கும். இருவர் இருவராகவே இயங்க வேண்டும். காலையில் வேதப் படிப்பு. பின்னர் வீதிவீதியாய் நடை. வாரந்தோறும் வீட்டாருடன் தொலைபேசியில் பேச அனுமதி கிடைத்ததே 2019இல்தான். அதற்குமுன் வழமையாக ஆண்டுக்கு இரண்டு அழைப்புகளே.

தப்லீக் முஸ்லிம்களையே நாடுகிறது. மோர்மன்கள் பிற மதத்தாரையும் அழைக்கின்றனர். இவ்வேறுபாடு சிறிதன்று. ஆயினும், அந்நிய ஊரில் சந்தேகப் பார்வைக்கு ஆளாவது இருசாராருக்கும் பொது. 2020இல் இந்தியாவில் வெளிநாட்டு ஜமாஅத்தினர் கொரோனாவைப் பரப்பியோராகத் தூற்றப்பட்டனர். அவ்வாண்டு ஓகஸ்டில், அவர்களுள் 29 பேர் மீதான வழக்குகளை இரத்துச்செய்த பம்பாய் மேல் நீதிமன்றம், அவர்கள் பலிக்கடாக்களாக்கப்பட்டதாகவே கருதியது. அன்று எமது நெஞ்சமும் நொந்ததை மறப்பதற்கில்லை.

அழைப்பை மறுக்க எமக்கு முழு உரிமையுண்டு. அழைப்பவரை அவமதிக்க இல்லை. எம் பிள்ளைக்குப் பிறர் ஊரில் வேண்டும் கண்ணியத்தை, எம் வாசலில் நிற்கும் பிறர் பிள்ளைக்கும் வழங்குவோமாக.