மூன்று சுவிட்சும் ஒரு டயோடும்

சாவியைத் திருப்பினால் விளக்கு எரிகிறது, ஹாரன் அடிக்கிறது. நியூட்ரலில் செல்ஃப் பட்டனைத் தொட்டதுமே இன்ஜின் பிடித்துக்கொள்கிறது. அதே வண்டி சிக்னலில் முதல் கியரில் அணைந்துபோனால், கிளட்சை முழுக்கப் பிடித்துக்கொண்டு பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் சத்தமே இல்லை. பின்னால் நிற்பவர்கள் ஹாரனை அலறவிட, கால் நியூட்ரலைத் தேடித் தவிக்கிறது. இந்தக் கோளாறுக்குப் பலர் முதலில் பழி போடுவது பேட்டரியின் மேல். நியூட்ரலில் தெம்பாக இருக்கும் பேட்டரி கியர் போட்டதும் செத்துப்போகாது. கோளாறு வேறு இடத்தில். அதைக் கண்டுபிடிக்க முதல் சில நிமிடங்களுக்கு ஸ்பேனரே தேவையில்லை, யோசித்தால் போதும். எனக்கு இந்தப் பழுது பிடித்துப்போனதற்கு அதுதான் காரணம்.

பட்டன் நேரடியாக மோட்டாரைச் சுழற்றுவதில்லை. ஸ்டார்ட்டர் மோட்டார் பல பத்து ஆம்பியர் கரண்ட் இழுக்கும். கைப்பிடியில் இருக்கும் சின்னப் பட்டன் வழியாக அதை விட்டால் பட்டன் கருகிவிடும். அதனால் பட்டன் ஒரு ரிலேயை மட்டும் தூண்டுகிறது. ரிலேக்குள் இருக்கும் கம்பிச்சுருளில் கரண்ட் ஓடினால் அது காந்தமாகி, தடித்த இரண்டு வயர்களையும் சேர்க்கும் தகட்டை ‘டக்’ என்று இழுக்கிறது. அனுபவமுள்ள மெக்கானிக் முதலில் காது கொடுத்துக் கேட்பது அந்த ‘டக்’கைத்தான். கியரில் அழுத்தும்போது அது வரவில்லை என்றால் மோட்டாரைக் கழற்ற வேண்டியதில்லை. சுருளுக்கு அனுமதி கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

அனுமதி கொடுப்பது யார்? சுருளின் ஒரு முனைக்குப் பட்டன் வழியாக 12 வோல்ட் வருகிறது. மறுமுனை எர்த்தைத் தொட்டால்தான் சுற்று முடியும். பல வண்டிகளில் காவல் போட்டிருப்பது இந்த எர்த் பக்கத்தில்தான். இரண்டு வாசல் உள்ள ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். முன்வாசலில் ஒரே கதவு. கொல்லைப்பக்க வழியில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கதவுகள். முன்கதவு நியூட்ரல் சுவிட்ச். கியர்பாக்ஸில் கியரை மாற்றும் உருளையின் முனையில் உட்கார்ந்திருக்கும் அது, வண்டி நியூட்ரலில் இருக்கும்போது மட்டும் எர்த்தைத் தொடும். கொல்லை வழியில் முதல் கதவு கிளட்ச் லீவருக்கு அடியில் உள்ள சுவிட்ச், அடுத்தது சைடு ஸ்டாண்டு சுவிட்ச். இந்த இரண்டும் சேர்ந்து திறந்தால்தான் அந்தப் பக்கம் வழி.

ஆக, வண்டியின் விதி ஒரே வரி: நியூட்ரல், அல்லது கிளட்சும் ஸ்டாண்டும்.

மாடலுக்கு மாடல் இது கொஞ்சம் மாறும். சில வண்டிகள் நியூட்ரலில்கூட கிளட்ச் பிடிக்கச் சொல்லும். புதிய வண்டிகளில் இந்தக் கணக்கை இன்ஜினின் மின்னணுப் பெட்டியே பார்த்துக்கொள்கிறது. விதியின் நோக்கம் மட்டும் எல்லாவற்றிலும் ஒன்றுதான்: கியரில் இருக்கும் வண்டி பட்டனை அழுத்தியதும் பாய்ந்துவிடக் கூடாது. 100 முதல் 150 சிசி வரையிலான வண்டிகளில், முதல் கியரில் கிராங்க் முப்பது, நாற்பது சுற்று சுற்றினால்தான் பின்சக்கரம் ஒரு சுற்று சுற்றும். இன்ஜின் பிடித்து ஐடிலில் நிமிடத்துக்கு 1,400 சுற்றுக்கு வந்தாலே, கிளட்ச் பிடிக்காத வண்டி மணிக்கு நான்கைந்து கிலோமீட்டர் வேகத்தில் நகரத் தொடங்கிவிடும். அதுவும் மெல்ல நகராது, எகிறிக் குதிக்கும். பக்கத்தில் நின்றுகொண்டே பட்டனை அழுத்தியவர் கையில் நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள இரும்பு அப்போது நிற்காது.

இந்த ஒரு வரி விதிக்குப் பின்னால் பெரிய வரலாறு இருக்கிறது. ‘மற்றும்’, ‘அல்லது’, ‘இல்லை’ என்ற சொற்களை எண்களைப் போலவே கூட்டிப் பெருக்கலாம் என்று காட்டியவர் ஜார்ஜ் பூல். அயர்லாந்தின் கார்க் நகரில் பேராசிரியராக இருந்த இவர், அதைப் பற்றிய தன் பெரிய நூலை 1854-ல் வெளியிட்டார். எண்பது ஆண்டுகளுக்கு மேல் அது பெரும்பாலும் தத்துவவாதிகளுக்கும் கணிதக்காரர்களுக்கும் உரிய சரக்காகவே இருந்தது. 1937-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 21 வயது மாணவர் கிளாட் ஷானன், தன் முதுகலை ஆய்வேட்டில் அதை ரிலேக்களோடும் சுவிட்சுகளோடும் இணைத்துக் காட்டினார். அடுத்தடுத்துக் கோத்த சுவிட்சுகள் ‘மற்றும்’. பக்கம் பக்கமாகக் கோத்தவை ‘அல்லது’. எந்த வயரிங்கையும் ஒரு வாக்கியமாக எழுதலாம், எந்த வாக்கியத்தையும் வயரிங்காக மாற்றலாம். கணினிகள் இன்றும் இந்த அடித்தளத்தின் மேல்தான் நிற்கின்றன. மழையில் நனைந்து, சேறு பூசி, டீக்கடை வாசலில் நிற்கும் வண்டிக்குள்ளும் அதே தர்க்கம் ஓடுகிறது.

விதி தெரிந்துவிட்டால், வண்டி மறுக்கும் விதமே பழுதின் முகவரியைச் சொல்லிவிடும். நியூட்ரலில் ஸ்டார்ட் ஆகிறது. அதனால் பட்டன், ரிலே, முன்கதவு மூன்றும் சரி. கியரில் ஆகவில்லை, அதனால் கொல்லை வழியின் இரண்டு கதவுகளில் ஒன்று திறக்கவில்லை. எது? அதற்கும் வண்டியையே கேட்கலாம். சைடு ஸ்டாண்டு சுவிட்ச் உள்ள வண்டிகள் பெரும்பாலானவற்றில் அதற்கு இன்னொரு வேலையும் உண்டு: ஸ்டாண்டு கீழே இருக்கும்போது கியர் விழுந்தால் இன்ஜினை அணைத்துவிடும். எனவே ஸ்டாண்டை மேலே தூக்கி, நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து, கிளட்சைப் பிடித்தபடி முதல் கியரைப் போட்டுப் பாருங்கள். இன்ஜின் சட்டென்று அணைந்தால் ஸ்டாண்டு சுவிட்சில் கோளாறு. கியர் விழுந்தும் ஓடிக்கொண்டே இருந்தால் ஸ்டாண்டு சுவிட்ச் நல்லவன். குற்றவாளி கிளட்ச் சுவிட்ச். ஒரு கருவியும் தொடாமல், ஒரே சோதனையில் இரண்டில் ஒன்றைக் கழித்துவிட்டோம்.

ஸ்டாண்டு பக்கம் என்றால் முதலில் சுவிட்சைக் கழற்றாமல் குனிந்து ஸ்டாண்டைப் பாருங்கள். சேறு காய்ந்து இறுகியிருந்தாலோ ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ ஸ்டாண்டு முக்கால்வாசி மடங்கி நின்றுவிடும். அது கீழேதான் இருக்கிறது என்று சுவிட்ச் நினைத்துக்கொள்ளும். காலால் ஒரு தட்டு, கழுவி இரண்டு சொட்டு ஆயில்: பல நேரம் வைத்தியம் அதோடு முடிந்துவிடும்.

கிளட்ச் சுவிட்ச் அப்படி வெளிப்படையாக இருக்காது. லீவரின் அடியில் நகம் அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி, அதற்குள் ஒரு நெல்மணி அளவில் தொடுமுனை. மழைநீரும் வாட்டர் வாஷ் தண்ணீரும் உள்ளே போய்த் தங்கும். திறந்து பார்த்தால் தாமிரத்தின் மேல் பச்சைப் பூச்சு படிந்திருக்கும். மல்டிமீட்டரை வைத்தால் ‘பீப்’ என்று ஒலிக்கிறது, சுவிட்ச் நன்றாக இருக்கிறது என்று மூடிவிடுவார்கள். அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சில பத்து ஓம் தடை இருந்தாலும் பல மீட்டர்கள் பீப் அடித்துவிடும். ரிலே சுருளின் தடை 4 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 12 வோல்ட்டுக்கு 3 ஆம்பியர் ஓடும். அந்தப் பச்சைப் பூச்சு இன்னொரு 4 ஓம் சேர்த்தால் 12 வோல்ட்டில் பாதி சுவிட்சிலேயே தங்கிவிடுகிறது. மிச்சமிருக்கும் 6 வோல்ட்டுக்குச் சுருளால் தகட்டை இழுக்க முடியாமல் போகலாம். அதனால் சரியான சோதனை, கியரில் கிளட்சைப் பிடித்தபடி பட்டனை அழுத்திப் பிடித்திருக்கும்போது சுவிட்சின் இரண்டு முனைகளுக்கும் இடையே வோல்ட்டேஜ் பார்ப்பது. நல்ல சுவிட்சில் அது கிட்டத்தட்ட பூஜ்யமாக இருக்கும்.

இனி அந்த டயோடு. இந்தச் சுற்றில் நான் மிகவும் வியப்பது அதைத்தான். நியூட்ரல் சுவிட்சுக்கு இரண்டு எஜமானர்கள்: ரிலே ஒன்று, மீட்டரில் எரியும் பச்சை விளக்கு மற்றொன்று. இரண்டின் வயரும் அங்கே சேர்கின்றன. வெறுமனே சேர்த்திருந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். வண்டி கியரில் இருக்கிறது, ஸ்டாண்டு மேலே இருக்கிறது, நீங்கள் கிளட்சைப் பிடிக்கிறீர்கள். விளக்கின் கரண்ட் ரிலேயின் வயர் வழியாகப் பின்னோக்கி ஓடி, கொல்லை வழியாக எர்த்துக்குப் போய்விடும். கியரில் இருக்கும் வண்டியில் நியூட்ரல் விளக்கு எரியும்! அதை நம்பி கிளட்சை விட்டவர் கதி என்ன? அந்தப் பின்னோட்டத்தைத் தடுக்கத்தான் கரண்டை ஒரே திசையில் விடும் டயோடு. அது உள்ளே அறுந்துபோனால், பச்சை விளக்கு எரிந்தும் கிளட்ச் பிடித்தால்தான் ஸ்டார்ட் ஆகும். ஷார்ட் ஆகிவிட்டால், கியரில் கிளட்சைப் பிடிக்கும்போதெல்லாம் பச்சை விளக்கு பொய் சொல்லும்.

செல்ஃப் வருவதற்கு முன்பும் கியரில் கிளம்பாத வண்டிகள் இருந்தன. அவற்றின் காரணம் வயரில் இல்லை, பல்சக்கரத்தில் இருந்தது. பழைய புல்லட்டில் கிக்கரின் விசை கியர்பாக்ஸ் வழியாகப் போய், கிளட்சைக் கடந்துதான் கிராங்கை அடையும். கிளட்சைப் பிடித்தால் அந்த வழி துண்டிக்கப்படும். உதைத்தாலும் இன்ஜின் சுற்றாது. ஒட்டிக்கொண்ட கிளட்ச் பிளேட்டுகளைக் காலையில் பிரிக்க, புல்லட்காரர்கள் கிளட்சைப் பிடித்து இரண்டு உதை உதைப்பது இதனால்தான். யமஹா ஆர்.எக்ஸ். 100-ல் கிக்கரின் பல்சக்கரம் கிளட்சின் வெளிக்கூட்டையே சுழற்றும். அந்தக் கூடு எப்போதும் கிராங்கோடு இணைந்திருப்பது. அதனால் சிக்னலில் அணைந்தாலும் கிளட்சைப் பிடித்து, எந்த கியரிலும் ஓர் உதையில் கிளப்பிவிடலாம்.

தள்ளி ஸ்டார்ட் செய்வதோ கியரில் மட்டுமே முடியும். முதல் கியரில் தள்ளினால் சக்கரம் ஒரு சுற்றுக்குக் கிராங்கை முப்பது சுற்றுக்கு மேல் சுழற்றியாக வேண்டும். அந்தச் சுமையில் டயர் பூட்டிக்கொண்டு வழுக்கும். இரண்டாம் கியர் தோதானது அதனால்தான். ரிலேக்கு இதில் வேலை இல்லாததால் கிளட்ச் சுவிட்ச் கெட்ட வண்டியும் தள்ளினால் கிளம்பும். ஸ்டாண்டு சுவிட்ச் கெட்டிருந்தால், அது ஸ்பார்க்கையே நிறுத்தி வைத்திருக்கும். மூச்சு வாங்கத் தள்ளியும் பயனில்லை.

கடைசியாக, நம் ஒர்க்‌ஷாப்களில் சகஜமாக நடக்கும் ஒன்று. சுவிட்ச் கெட்டால் இரண்டு வயரையும் முறுக்கி, டேப் சுற்றி, “டைரக்ட் பண்ணிட்டேன் சார், இனிமே தொல்லை இல்ல” என்று அனுப்பிவிடுவார்கள். சோதனைக்காக, வண்டியை டபுள் ஸ்டாண்டில் ஏற்றிப் பின்சக்கரம் தரையைத் தொடாமல் சில நிமிடம் அப்படிச் செய்து பார்க்கலாம். நிரந்தரமாக விட்டால் விதியே மாறிவிடுகிறது. கிளட்ச் சுவிட்சை டைரக்ட் செய்தால், அந்த ஒரு வரியில் ‘கிளட்ச்’ என்ற சொல் அழிந்து, ‘நியூட்ரல், அல்லது ஸ்டாண்டு’ என்று ஆகிவிடும். ஸ்டாண்டு மேலே இருந்தால் போதும், வண்டி கியரில் இருக்கும்போது குழந்தை பட்டனை அழுத்தினாலும் பாயும். ஸ்டாண்டு சுவிட்சை டைரக்ட் செய்தால், ஸ்டாண்டை மடக்க மறந்து கிளம்புகிறவரைத் தடுக்க எதுவுமே இல்லை. இடது பக்கம் வண்டியைச் சாய்த்துத் திரும்பும் முதல் வளைவில் அந்த இரும்பு தார்ச்சாலையில் ஊன்றி வண்டியைத் தூக்கி எறியும். புது சுவிட்சின் விலை பெரிதல்ல. மாற்றிக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.