சீட்டுக்கு அடியில் எஞ்சின், கையில் ஆடும் ஸ்டீரிங்! பழைய 'ஓம்னி' வேன் வாங்குவோர் உஷார்!

சுசீந்திரம்:-

பழைய 'ஓம்னி' வேன் வாங்கப் போகிறீர்களா? விலை மலிவு என்று அவசரப்பட வேண்டாம்.

முதலில் ஸ்டீரிங்கைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். அடுத்து பியூஸ் பெட்டியைத் திறந்து பாருங்கள். பெயிண்டு பளபளப்பாக இருக்கிறதா, பாட்டுப் பெட்டி பாடுகிறதா என்பதெல்லாம் அப்புறம்.

இந்த இரண்டையும் பார்க்காமல் பணத்தை எண்ணிக் கொடுப்பவர்கள் பிறகு வீட்டுக்கும் பட்டறைக்குமாக அலைகிறார்கள். அலைச்சலோடு போனால் பரவாயில்லை. பழைய வேன் உயிரையும் வாங்கியிருக்கிறது.

'வில்லன்' வேன்

தமிழ் சினிமாவில் கதாநாயகியைக் கடத்த வில்லன் ஆட்கள் எந்த வண்டியில் வருவார்கள்? சின்னப் பிள்ளையும் சொல்லும், 'ஓம்னி' வேன் என்று. பக்கவாட்டில் கதவு 'சர்'ரென்று திறக்கும். ஆளைத் தூக்கிப் போட்டுப் பறந்து விடுவார்கள்.

நிஜத்தில் இந்த வேன் வில்லன் அல்ல. ஏழைபாழைகளின் தோழன். 1984-ம் ஆண்டு 'மாருதி வேன்' என்ற பெயரில் இது சந்தைக்கு வந்தது. 1988-ல் 'ஓம்னி' ஆனது. 796 சி.சி. எஞ்சின். 3 சிலிண்டர். 2019-ல் தயாரிப்பு நின்று விட்டது.

ஆகவே, இன்று ஒருவர் 'ஓம்னி' வாங்குகிறார் என்றால் அது பழைய வண்டிதான். புது வண்டி என்ற பேச்சே இல்லை.

சுசீந்திரம், நாகர்கோவில் பக்கம் இந்த வேன் செய்யாத வேலை கிடையாது. தோவாளையில் இருந்து பூ ஏற்றும். வாழைத்தார் ஏற்றும். கல்யாண வீட்டுக்குச் சமையல் பாத்திரம் கொண்டு போகும். தாணுமாலயன் கோவில் தேரோட்டம் என்றால் குடும்பத்தோடு ஆட்களை அள்ளிக் கொண்டு வரும். உழைத்து உழைத்து உடம்பு தேய்ந்த வண்டிதான் கைமாறி அடுத்தவரிடம் வருகிறது.

'ஒரு பக்கமா இழுக்கு!'

பட்டறைக்கு வரும் பழைய வேன்களைப் பற்றிய முதல் புகார், "வண்டி ஒரு பக்கமா இழுக்கு அண்ணாச்சி" என்பதுதான்.

இதற்கு உடனே ஸ்டீரிங்கைக் கழற்ற வேண்டியது இல்லை. முதலில் 4 டயரிலும் காற்று சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முன் டயர் ஒன்றில் காற்று குறைந்தால் வண்டி அந்தப் பக்கமே ஓடும். காற்று சரியாக இருந்தும் இழுத்தால் 'அலைன்மெண்டு' பார்க்க வேண்டும். பிரேக் மிதிக்கும்போது மட்டும் இழுத்தால், கோளாறு ஸ்டீரிங்கில் இல்லை. பிரேக்கில் இருக்கிறது.

அடுத்த புகார், 'பிளே'. ஸ்டீரிங்கைத் திருப்புகிறோம். சக்கரம் உடனே திரும்பவில்லை. கொஞ்சம் சும்மா சுற்றிய பிறகுதான் திரும்புகிறது.

'ஓம்னி'யில் இருப்பது பல் தண்டு வைத்த ஸ்டீரிங். மெக்கானிக்குகள் இதை 'ராக்' என்பார்கள். இந்த வகை ஸ்டீரிங்கில் ஆட்டம் மிகக் குறைவாகவே இருக்க வேண்டும். வண்டியை நிறுத்தி வைத்து, ஸ்டீரிங் வளையத்தை இரண்டு விரலால் இப்படியும் அப்படியும் அசைத்துப் பாருங்கள். சக்கரம் அசையாமல் வளையம் மட்டும் ஒரு அங்குலத்துக்கு மேல் ஆடினால், உஷார்!

ஆட்டம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பின் சக்கரத்துக்குக் கல் வைத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்குங்கள். ஸ்டாண்டு வைத்த பிறகுதான் கை வைக்க வேண்டும்.

சக்கரத்தைக் கடிகாரமாக நினைத்துக் கொள்ளுங்கள். 9-ம் 3-ம் இருக்கிற இடத்தைப் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் 'டை ராடு எண்டு' தேய்ந்திருக்கும், அல்லது ராக்கில் ஆட்டம். 12-ம் 6-ம் இருக்கிற இடத்தைப் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் 'வீல் பேரிங்' அல்லது 'பால் ஜாயிண்ட்'.

இந்தச் சாமான்கள் ஏன் தேய்கின்றன? ஒவ்வொன்றுக்கும் ஒரு ரப்பர் உறை உண்டு. உறை கிழிந்தால் உள்ளே இருக்கிற கிரீஸ் போய் விடும். மணலும் தண்ணீரும் புகுந்து விடும். பிறகு இரும்பை இரும்பு அரைக்கும். சின்ன உறையைச் சோம்பலால் மாற்றாமல் விட்டவர், கடைசியில் முழு ராக்கையும் மாற்றுகிறார்.

50, 60 கிலோ மீட்டர் வேகத்தில் ஸ்டீரிங் 'கடகட' என்று நடுங்குகிறதா? சக்கரத்துக்கு 'பேலன்சிங்' தேவை. டயர் வீங்கி இருக்கலாம். ரிம் வளைந்தும் இருக்கலாம். பள்ளத்தில் இறங்கும்போது 'டொக், டொக்' என்று சத்தம் வருகிறதா? முன்பக்கத்து 'புஷ்' தேய்ந்திருக்கும்.

ஆடிக் காற்றில் ஆடும் வேன்!

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது பழமொழி. அந்தக் காற்று எப்படி இருக்கும் என்று ஆரல்வாய்மொழி கணவாயில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். முப்பந்தலில் வரிசை வரிசையாகக் காற்றாலைகள் சுற்றுவதும் இந்தக் காற்றை நம்பித்தான்.

'ஓம்னி' உயரமான வண்டி. பக்கவாட்டில் பலகை போல நிமிர்ந்து நிற்கும். எடையோ குறைவு. பக்கத்தில் இருந்து காற்று அடித்தால் ஒதுங்கத்தான் செய்யும். ஸ்டீரிங் நல்ல நிலையில் இருந்தால் டிரைவர் லேசாகத் திருப்பிச் சமாளித்து விடுவார். ஸ்டீரிங்கில் ஆட்டம் இருந்தால்? அவர் திருப்பி, அது சக்கரத்துக்குப் போய்ச் சேருவதற்குள் எதிரே பஸ் வந்து விடும்.

இந்த வேனில் டிரைவருக்கு முன்னால் எஞ்சின் கிடையாது. எஞ்சின் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. முன்னால் இருப்பது ஒரு தகடுதான். மோதினால் முதல் அடி டிரைவரின் காலுக்கு. எனவே, சின்ன ஆட்டம்தானே என்று விட்டு விடக் கூடாது. பாரம் ஏற்றினால் வேகத்தையும் குறைக்க வேண்டும்.

உப்புக் காற்று செய்கிற சேட்டை

சுசீந்திரத்தில் இருந்து கன்னியாகுமரி சுமார் 13 கிலோ மீட்டர்தான். கடல் காற்றில் உப்பு இருக்கிறது. குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவ மழையும் உண்டு, வடகிழக்குப் பருவ மழையும் உண்டு. உப்பும் ஈரமும் சேர்ந்தால் இரும்பு என்ன ஆகும்? துருப்பிடிக்கும்.

வேனில் உள்ள விளக்கு, ஹாரன், செல்ப் மோட்டார் எல்லாவற்றுக்கும் கரண்டு ஒரு வயரில் போகிறது. திரும்பி வருவது வண்டியின் தகடு வழியாக. இதைத்தான் 'எர்த்' என்கிறார்கள். எர்த் வயர் திருகிய இடத்தில் துரு ஏறினால் கரண்டு திரும்ப வழி இல்லாமல் திண்டாடும். அப்போதுதான் வேடிக்கை ஆரம்பிக்கும்.

இண்டிகேட்டர் போட்டால் பிரேக் லைட்டும் சேர்ந்து மின்னும். ஹெட்லைட் போட்டால் ஹாரன் சத்தம் குறையும். 'பேய் பிடித்த வண்டி' என்று சொல்லாதீர்கள். துருவைச் சுரண்டி, போல்ட்டைக் கழற்றி முடுக்கினால் பேய் ஓடி விடும்.

காலையில் சாவியைத் திருப்பினால் "டக், டக்" சத்தம் மட்டும் வருகிறது. "வண்டி எடுக்க மாட்டேங்கு." உடனே புது பேட்டரி வாங்க ஓடுகிறார்கள். பொறுங்கள். பேட்டரி முனையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், வயரைக் கழற்றி வெந்நீர் ஊற்றித் துடைத்து, முடுக்கி, கொஞ்சம் வாசலின் தடவிப் பாருங்கள். கழற்றும்போது எர்த் வயரை முதலில் கழற்ற வேண்டும். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். பல வண்டிகள் இதிலேயே எழுந்து விடும்.

அப்படியும் எடுக்கவில்லை என்றால் மீட்டர் வைத்துப் பாருங்கள். நல்ல பேட்டரி, வண்டி நிற்கும்போது 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். எஞ்சின் ஓடியும் மீட்டர் ஏறவில்லை என்றால் டைனமோ 'சார்ஜ்' கொடுக்கவில்லை. அல்லது பெல்ட் தளர்ந்து விட்டது. இந்த நிலையில் புது பேட்டரி போட்டாலும் அது சீக்கிரமே படுத்து விடும்.

பியூஸ் இடத்தில் சிகரெட் தாள்!

எல்லாவற்றையும் விடப் பயங்கரமானது இதுதான்.

பியூஸ் அடிக்கடி போகிறது. ஏன் போகிறது என்று பார்ப்பது இல்லை. சிகரெட் பெட்டியில் இருக்கும் வெள்ளித் தாளைச் சுருட்டி அந்த இடத்தில் வைத்து விடுகிறார்கள். சிலர் கம்பியைச் சுற்றி விடுகிறார்கள். பிறகு பியூஸ் போகாதுதான். ஆனால் வயர் எரியும்!

பியூஸ் என்பது காவல்காரன். கரண்டு அளவுக்கு மீறினால், தான் செத்து வண்டியைக் காப்பாற்றும். காவல்காரனைக் கட்டிப் போட்டு விட்டுத் திருடன் வந்தான் என்று புலம்பி என்ன பயன்?

'லைட்டு மங்குது' என்று 100 வாட் பல்பு மாட்டுகிறவர்களும் உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 வாட் பல்பு 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும். இரண்டு பல்புக்கு 10 ஆம்பியர். 100 வாட் பல்பு இரண்டு போட்டால் 16 ஆம்பியருக்கு மேல். பழைய மெல்லிய வயரும் பழைய சுவிட்சும் இதைத் தாங்குமா? சுவிட்ச் உருகும். பிளாஸ்டிக் தீய்ந்த வாடை வரும். அந்த வாடைதான் முதல் எச்சரிக்கை. கூடுதல் வெளிச்சம் வேண்டும் என்றால் 'ரிலே' வைத்துத் தனி வயர் இழுக்க வேண்டும்.

இந்த வேனில் எஞ்சினும், சூடான குழாயும், பெட்ரோல் டியூபும், வயர்களும் சீட்டுக்கு அடியில் நெருங்கிக் கிடக்கின்றன. பழைய ரப்பர் டியூபில் வெடிப்பு விட்டுப் பெட்ரோல் கசிந்து, பக்கத்து வயரில் ஒரு பொறி பறந்தால் போதும்.

4 குழந்தைகள் கருகி பலி

அப்படி ஒரு கொடுமை பஞ்சாப் மாநிலத்தில் நடந்தது. 2020-ம் ஆண்டு பிப்ரவரி 15-ந் தேதி, சங்ரூர் மாவட்டம் லோங்கோவால் என்ற ஊரில், பள்ளிக் குழந்தைகளை ஏற்றி வந்த பழைய மாருதி வேன் நடுவழியில் தீப்பிடித்தது. வேனில் 12 குழந்தைகள் இருந்தனர். 8 பேர் உயிர் தப்பினர். 4 பிஞ்சுகள் கருகி இறந்தன. சாலையில் ஓடத் தகுதி இல்லாத வண்டி அது என்று விசாரணையில் தெரிய வந்தது. மின் கசிவு என்று சந்தேகிக்கப்பட்டது.

துருவும் உயிர் குடிக்கும். 2012-ம் ஆண்டு ஜூலை மாதம் தாம்பரம் அருகே, பள்ளிப் பஸ்ஸின் தரையில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து 2-ம் வகுப்புச் சிறுமி இறந்தாள். தமிழ்நாடே பதறியது. பள்ளி வாகனங்களுக்குத் தனி விதிகள் வந்தன. பழைய வேன் வாங்குகிறவர்கள் தரை விரிப்பைத் தூக்கிப் பார்க்க வேண்டும் என்பது இதனால்தான்.

தீ பிடித்தால்?

வாடையோ புகையோ வந்தால் உடனே ஓரமாக நிறுத்துங்கள். சாவியைத் திருப்பி அணையுங்கள். எல்லாரையும் இறக்கித் தூரப் போகச் சொல்லுங்கள். சாமானை எடுக்கத் திரும்ப உள்ளே போகாதீர்கள்.

முக்கியமாக, 'என்ன புகை?' என்று சீட்டைத் தூக்கிப் பார்க்காதீர்கள்! உள்ளே காற்று புகுந்ததும் தீ குப்பென்று முகத்தில் அடிக்கும். தீயணைப்புக்கு 101, ஆம்புலன்சுக்கு 108, எந்த ஆபத்துக்கும் 112.

கியாசில் ஓடும் வேன் என்றால் அந்த விவரம் ஆர்.சி. புத்தகத்தில் இருக்க வேண்டும். சமையல் சிலிண்டரை மாட்டி ஓட்டுவது குற்றம். ஆபத்தும் கூட.

காகிதம் பத்திரம்!

வண்டி நன்றாக இருந்தால் போதாது. காகிதமும் நன்றாக இருக்க வேண்டும்.

சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 வருடம். அதன் பிறகு சோதனைக்குக் காட்டி 5 வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் 1 முதல் காருக்கு இந்தக் கட்டணம் 600 ரூபாயில் இருந்து 5 ஆயிரமாக உயர்ந்தது. 2025 ஆகஸ்டில் வந்த அறிவிப்பில் 20 வருடம் தாண்டிய காருக்கு 10 ஆயிரம் என்று ஆனது. விலை பேசும்போது இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பெயர் மாற்ற 29, 30-ம் நம்பர் பாரங்கள் வேண்டும். டி.என்.74 என்றால் நாகர்கோவில். டி.என்.75 என்றால் மார்த்தாண்டம். கே.எல். என்று ஆரம்பித்தால் கேரள வண்டி. அதற்கு அங்கிருந்து தடையில்லாச் சான்றும் வாங்க வேண்டும். "அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்" என்று விட்டால் விற்றவருக்கும் ஆபத்து. வண்டி எங்காவது மோதினால் நோட்டீசு பழைய சொந்தக்காரர் வீட்டுக்குத்தான் வரும்.

சொந்த போர்டு வேனில் வாடகைக்குப் பள்ளிக் குழந்தைகளை ஏற்றுவது சட்ட விரோதம். பிள்ளைகளை அனுப்பும் பெற்றோரும் இதைக் கவனிக்க வேண்டும். வேன்காரர் தெரிந்தவர்தானே என்று இருந்து விடக் கூடாது.

வாங்கும் முன் பகலில் ஒரு முறை, இரவில் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். பகலில் ஸ்டீரிங் பேசும். இரவில் வயரிங் பேசும். வியாபாரியின் பேச்சைக் கேட்பதற்கு முன் இந்த இரண்டின் பேச்சையும் கேட்டு விடுங்கள்.